கோரிக்கைக்கு முட்டை

ஈரோட்டுப் பள்ளிக்கூடங்களில் பருவநிலைப் போராட்டம் பத்தாம் வகுப்புப் பாடமாகி நாலு வருஷம் ஆகிவிட்டது. செய்முறைத் தேர்வுக்கு ஐம்பது மதிப்பெண். பரஞ்சோதி தன் மகள் நறுமுகையை ஒரு வருஷமாகக் கோஷ டியூஷனுக்கு அனுப்பியிருந்தார். பதாகைக்கு மார்ஜின் போட்டாயிற்று. ரெக்கார்டு நோட்டில் பன்னிரண்டு மறியலுக்கும் கையெழுத்து வாங்கியாயிற்று.

அன்று வெயில் நாற்பத்தேழு டிகிரி. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பள்ளிக்கூடம் வாங்கிக்கொடுத்த பிரியாணியை முடித்துவிட்டு, மைதானத்தில் ஏசி ஓடும் தன் காருக்குள் உட்கார்ந்தபடியே மார்க் போட்டுக்கொண்டிருந்தார். மற்ற பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வானத்தைப் பார்த்து, "பூமியைக் காப்பாற்று!" என்று கத்தினார்கள். நறுமுகை மட்டும் நேரே போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அவர் அதை இறக்கினார்.

"சார், புகையெல்லாம் எங்க மூஞ்சியிலதான் அடிக்குது. முதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க."

அவர் திடுக்கிட்டு ஆஃப் பண்ணிவிட்டார். கையோடு அவளுக்கு முட்டையும் போட்டார்.

கேட்டுக்கு வெளியே நின்ற பரஞ்சோதி ஓடிவந்து கும்பிட்டார். "சார், புள்ள நல்லாத்தானுங்களே கேட்டா?"

"நல்லாத்தான் கேட்டா. ஆனா கோரிக்கைதான் நிறைவேறிடுச்சே! அப்புறம் எந்தப் போராட்டத்துக்குங்க நான் மார்க் போடறது?"

பரஞ்சோதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருகினார். வண்டி உறுமிப் புகையைக் கக்கியது.

"ம், இப்பக் கத்து கண்ணு" என்றார் மகளிடம்.