ஓணான் மாற்றிய சட்டை

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகட்டும். செத்து ஏழு வருஷமான ஓணானின் தோலை மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்து, நிறத்தைக் குறிப்பது ஆய்வுக்கூடத்தில் என் வேலை. ஓடு வேய்ந்தாற்போலச் செதில்கள், அடியில் நட்சத்திரக் கூட்டமாய் நிறச்செல்கள். பார்க்கக் கண் போதாது! திங்களன்று பச்சை என்று எழுதினேன்; மறுநாள் அதே கண்ணாடித் தகட்டில் ஊதா.

புதனன்று குறிப்பேட்டைப் பார்த்த பேராசிரியை, "பெரியவரே, கண்ணு போச்சா? நாளையிலேருந்து வீட்லயே இருங்க" என்றார்.

"சட்டை மாத்துறது ஓணான் இல்லம்மா, நீங்கதான். முந்தாநாள் பச்சை, நேத்து ஊதா, இன்னிக்கு மஞ்சள். நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். மஞ்சள்தான். அவர் முகம் வெளுத்தது. ஓணான் தோலும் கூடவே வெளுத்தது. என் வேலை பிழைத்தது.

தகட்டில் தோலை வைக்க மறந்திருந்ததை மாலையில்தான் கவனித்தேன். மூன்று நாளும் அது டப்பாவிலேயே இருந்திருக்கிறது.