கூடை ஏறாத நண்டு

அந்தப் பண்ணைக் குளத்திலேயே பெரிய நண்டு அதுதான். கரையிலிருந்து கொட்டும் தவிட்டு உருண்டை வாய்க்கு நேராக வந்து விழும், தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும். பக்கத்து வளையில் இருந்த சின்ன நண்டு நாளெல்லாம் நத்தை ஓட்டை உடைத்துத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் அதற்குச் சிரிப்பு வரும்.

“அந்த ஓட்டோட மல்லுக்கட்டி என்னத்தடா கண்ட? என் உடம்பைப் பாரு.”

நண்டு பிடிக்கும் நாளில் வியாபாரி வந்தார். பெரிய நண்டு முந்திக்கொண்டு போய் வலைக்குள் உட்கார்ந்தது. அவர் அதைத் தூக்கி, வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஓடு உள்ளே அமுங்கியது.

“சதையே இல்லை, வெறும் தண்ணி” என்று எல்லா நண்டுகளுக்கும் கேட்கும்படி சொல்லி, குளத்திலேயே வீசிவிட்டார். சின்ன நண்டையும் அழுத்திப் பார்த்தார்; ஓடு அமுங்கவில்லை. அதைக் கயிற்றால் கட்டிக் கூடையில் வைத்தார்.

பெரிய நண்டு கண்ணிரண்டையும் மடக்கிக்கொண்டு சேற்றில் புதைந்தது.

“அண்ணே, பொழச்சீங்க!” என்று ஓடி வந்தது ஓர் இறால். “கூடையில போனவங்களுக்குக் கொதிக்கிற சட்டிதான்.”

“சட்டி கெடக்கட்டும் விடு. அத்தனை பேர் முன்னாடி அமுக்கிப் பாத்துட்டு வீசிட்டானே” என்றது நண்டு.

கொஞ்ச நேரம் கழித்து, சேற்றைவிட்டு வெளியே வராமலே கேட்டது:

“நத்தை எந்தப் பக்கம் கெடக்கும்?”