ஐந்தாம் துண்டு

அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள் பத்துப் பேர். ஒலிப்பதிவாளர் ஒருவர். இறந்துபோன ராக் பாடகர் 'இடி'யின் மகள் ஒருத்தி. மீதி எட்டுப் பேரும் இடியின் ரசிகர்கள். எட்டில் நாலு பேர், வெளிவராத ஏழு பாட்டையும் வெளியிட வேண்டும் என்ற கட்சி. மூன்று பேர் கூடவே கூடாது என்ற கட்சி. சங்கத் தலைவர், எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இடி பாடிய அதே ஸ்டூலில் உட்கார்ந்து மகள் பாட்டுகளின் உரிமைப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே பேசுவது அங்கே கேட்காது. சாயங்கால வெயில் கண்ணாடியில் பட்டு, அவள் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல் தெரிந்தது.

"மனுஷன் பாடினது நாம கேக்கத்தானே? பெட்டியில தூங்கவா?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"முடிக்காத பாட்டுய்யா அது! பாதி சவரம் பண்ணின மூஞ்சியோட ஒருத்தரை ஊர்வலம் விடுவியா?" என்றார் பல் டாக்டர் அம்மா.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் தலைவர். "முப்பது வருஷமா ஒரு நினைவு நாளுக்காவது இந்தப் பொண்ணு வந்திருக்கா? பத்திரம்னதும் ஓடி வந்துட்டா பாருங்க. விலை பேசப் போறா. பெத்த அப்பனை விக்க எப்படித்தான் மனசு வருதோ!"

இதில் மட்டும் இரண்டு கட்சியும் சேர்ந்து தலையாட்டின.

ஒலிப்பதிவாளர் வாய் திறக்கவில்லை. அவருக்கு நாலு பேர் நடுவில் பேச வராது.

கதவு திறந்தது. மகள் பத்திரத்தை மேஜையில் வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன். ஏழு பாட்டும் உங்களுக்குத்தான். வெளியிடறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்."

"ஆங், அதைச் சொல்லு! எத்தனை சதவீதம்?" என்றார் தலைவர்.

"பாட்டுக்கு நடுவுல அப்பா பேசினது இருக்குமாமே. அது."

யாருக்கும் புரியவில்லை.

"நான் பஸ் ஸ்டாண்டுல மைக்குல அறிவிப்பு சொல்ற வேலை பாக்கறேன். அம்மா அங்க பெஞ்சுல வந்து உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பாங்க. உங்கப்பா பேசற மாதிரியே இருக்குடின்னு சொல்வாங்க. போன மாசம் அவங்களும் போயிட்டாங்க. அப்பா சாகறப்ப எனக்குப் பதினோரு மாசம். அவர் பாடி நிறையக் கேட்டிருக்கேன். பேசித்தான் கேட்டதில்ல."

ஒலிப்பதிவாளருக்குக் காது மடல் சுட்டது. போன வருஷம் ஏழு பாட்டையும் ஒரே டேப் ஸ்பூலில் சேர்க்கச் சொல்லி இதே எட்டுப் பேர் வந்தார்கள். இசை இல்லாத இடத்தை பிளேடால் வெட்டி எடுப்பது அவருடைய நாற்பது வருஷப் பழக்கம். பேச்சு வந்தால் அவர் காது தானாக மூடிக்கொள்ளும். விழுந்தது ஒன்பது நாடாத் துண்டு. ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம். பின்பக்கம் எண் போட்டார். ஆளுக்கு ஒன்றை ஞாபகார்த்தமாகக் கொடுத்தார். ஒன்பதாவதைத் தானே வைத்துக்கொண்டார்.

நினைவு நாளில் துண்டு இல்லாமல் வரக்கூடாது என்று விதி போட்டதே தலைவர்தான்.

ஒலிப்பதிவாளர் இழுப்பறையைத் திறந்து தன் துண்டை மேஜையில் வைத்தார். "வெட்டிட்டேம்மா. இவங்க கையிலதான் இருக்கு" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

லிஃப்ட் மெக்கானிக் பர்ஸைத் திறந்தார். பல் டாக்டர் அம்மா கழுத்துச் சங்கிலி டப்பியைக் கழற்றினார். ஒருத்தர் செல்போன் உறைக்குள்ளிருந்து உருவினார். மேஜையைச் சுற்றி ஒரே நெரிசல்.

ஒலிப்பதிவாளர் எண்ணிப் பார்த்தார். ஐந்தாம் எண் இல்லை. கூச்சம், கேட்கவில்லை. இருந்ததை வரிசையாக ஒட்டி, ஸ்பூலைச் சுழலவிட்டார்.

மடிந்து கசங்கிய நாடா. குரல் அலையலையாக, தூக்கத்தில் கேட்பது போல் வந்தது. ஊரையே அதிரவைத்த இடிக்கு இவ்வளவு மெதுவான பேச்சா!

"கிட்டார்ல மூணாவது கம்பி இறங்கியிருக்கு..."

"ஃபேனை நிறுத்துப்பா. பாப்பா தூங்குது."

"இல்ல, முழிச்சுட்டா. மைக்கைப் பிடிச்சு இழுக்கறா பாரு."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் கூடவே அசைந்தது. அடுத்த துண்டில் மூச்சும் நாற்காலி நகரும் சத்தமும். அதற்கடுத்து ஆறாவது ஓடியது. ஒரு சிரிப்பு.

"பாத்தியா? நான் அப்படிக் கூப்பிட்டாத்தான் திரும்பறா. வேற யார் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பறதில்ல."

மகள் கண்ணைத் திறந்தாள்.

"எப்படிக் கூப்பிட்டா?"

ஒலிப்பதிவாளர் ஸ்பூலை நிறுத்தினார். "இதுக்கு முந்தின துண்டும்மா. அஞ்சாவது. வரல."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்? அம்மாகிட்ட நான் கேட்டதே இல்ல."

அவர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லையென்று.

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்வை சுற்றிச் சுற்றிக் கடைசியில் கதவோரம் போய் நின்றது. அங்கே தலைவர் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"அது வந்து... போன மாசம் வெளியூர்க்காரர் ஒருத்தர் ரொம்பக் கெஞ்சிக் கேட்டார். நல்ல விலை சொன்னார். பேருகூடக் கேட்டு வெச்சுக்கல... வித்துட்டேன்."

ஒலிப்பதிவாளர் ஸ்பூலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். வழக்கம்போல் மேலே பென்சிலால் எழுதி, மகளின் கையில் கொடுத்தார்.

மொத்தம் ஒன்பது. இருப்பு எட்டு.