அவள் ஏன் விளக்கை அணைத்தாள்?

"சிரிக்கணும். விளக்கை ஊதி அணைச்சிட்டு நீங்க சிரிக்கணும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டு போச்சு" என்றார் இயக்குநர், முதல் வரிசையிலிருந்து.

மேடையில் நின்ற நடிகை சிரிக்கவில்லை. தூக்கத்தில் நடந்து வந்தவள் மாதிரி கையில் விளக்கோடு நின்றாள். காலடியில் நீலத் துணிக் கடல். மின்விசிறிக் காற்றில் அது மெல்ல எழும்பித் தணிந்துகொண்டிருந்தது. உயரத்து ஜன்னல் வழியே வந்த மத்தியான வெயில் காலி நாற்காலிகள் மேல் படுத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் கொட்டகைக்குள் எது நாடகம், எது நிஜம் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

நாடகம் ஒரு பழைய சோகக் கதை. மன்னன் கப்பலில் ஊர் திரும்பும் இரவில், படைத்தலைவனின் மனைவி கலங்கரை விளக்கை அணைத்துவிடுகிறாள். கப்பல் பாறையில் மோதி மன்னன் சாகிறான். அவள் புருஷன் அரியணை ஏறுகிறான். அவளோ கடற்கரை முழுக்க விளக்கேற்றிக்கொண்டே திரிந்து பைத்தியமாகிறாள்.

"அவ ஏன் அணைக்கறான்னு புரியாம எப்படி சார் சிரிக்கறது?" என்றாள் நடிகை.

"இதுல புரிய என்ன இருக்கு? ராணி ஆகணும்னு ஆசை. ஆசை கண்ணை மறைச்சிடுச்சு."

"ராணி ஆனப்புறம் அவ ஒரு நகைகூடப் போட்டுக்கலையே சார்."

ஏணியில் நின்ற லைட்காரர் தொண்டையைச் செருமினார். "பதவி ஆசை யாரைத்தான் விட்டுது?" என்றார், கையிலிருந்த பல்பிடம் சொல்வது போல.

அந்த அம்பு யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் குழுவை வளர்த்து ஆளாக்கிய பெரியவரைப் போன மாதம்தான் நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. அவருக்கு ஞாபகம் தப்புகிறது, காட்சிகளை மறக்கிறார் என்று போய்ச் சொன்னவள் இந்த நடிகை. பொய் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெரியவருக்கு உதவியாளராக இருந்தவர் இயக்குநர் ஆனார். அன்றிலிருந்து அவளோடு உட்கார்ந்து டீ குடிக்கக்கூட ஆளில்லை.

கொட்டகைக்குள் அண்ணன், அக்கா, மாமா, மச்சான் என்று எந்த உறவும் கூடாது, தொழில்தான் முறை என்பது பெரியவர் போட்ட சட்டம். அவர் போனாலும் சட்டம் போகவில்லை.

"இன்னிக்கு நீங்க சிரிக்கலைன்னா நாளைக்கு இந்த வேஷத்துல வேற ஆள். முகத்துக்கு நேரா சொல்லிட்டேன்" என்றார் இயக்குநர்.

அவளுக்கு வலித்தது. வேஷம் போவதைவிட, இவரும் தன்னை அப்படித்தான் நினைக்கிறார் என்பதுதான் அதிகம் வலித்தது.

"ஆசை அவளோடது இல்ல சார். அவனோடது."

"அவனா? அவன்தான் கடைசி வரைக்கும் மன்னரே தெய்வம்னு சொல்லிக்கிட்டு இருக்கானே."

"முழிச்சிருக்கறப்போ அப்படித்தான் சொல்வான். நல்லவனாச்சே. தூக்கத்துல வேற மாதிரி பேசுவான். அவ ராத்திரி முழுக்கக் கேட்டுக்கிட்டே இருப்பா. விடிஞ்சதும் அவன் ஒண்ணும் தெரியாத மாதிரி மன்னருக்குக் குடை பிடிக்கப் போயிடுவான். பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு தாங்கல. பழி என்னோட போகட்டும், நீ நல்லவனாவே இருந்துட்டுப் போன்னு நினைச்சு ஊதிட்டா. இதுல சிரிக்க என்ன சார் இருக்கு?"

லைட்காரர் பல்பை மாட்டாமலே நின்றார். துணிக் கடல் ஒருமுறை எழும்பி அடங்கியது.

"நாடகத்துல இப்படி ஒரு வசனமே கிடையாதே" என்றார் இயக்குநர். குரலில் பழைய அதட்டல் இல்லை. "சரி, தூக்கத்துல அவன் என்னதான் சொன்னானாம்?"

"'இந்தக் கிழவரை யாராவது வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களா'ன்னு."

இயக்குநர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "மன்னரைப் போய் யாராவது வீட்டுக்கு அனுப்புவாங்களா? இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் விளக்கைக் கீழே வைத்தாள். கொட்டகைக்குள் அதுவரை பேசியிராத ஒரு குரலில், மெதுவாகச் சொன்னாள்.

"தெனமும் உங்க பக்கத்துலதானேங்க படுத்திருக்கேன்."