அறுபதடிச் சாலை

“என் வீடு ரோட்டுல போகுதா சார்?”

மரகதம் கதவருகே நின்றபடியே கேட்டாள். மேசைமேல் விரித்திருந்த போர்ட் பிளேர் வரைபடத்திலிருந்து குருநாதன் தலையை நிமிர்த்தவில்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதே கேள்விதான்.

“இன்னும் முடிவாகலைம்மா.”

“சரி சார்.”

போய்விட்டாள். மற்றவர்கள் வந்தால் ஆபீசே அதிரும். சிலர் காலில் விழுவார்கள், சிலர் சாபம் விடுவார்கள். இவள் அழுததும் இல்லை, கெஞ்சியதும் இல்லை.

அது 1971. மெயின்லேண்டிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலிலும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்தில் ஊர் எவ்வளவு பெருகும், அதற்கு எத்தனை சாலை, எத்தனை குழாய், எத்தனை பள்ளிக்கூடம் வேண்டும் என்று திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. குருநாதன் அதில் ட்ராஃப்ட்ஸ்மேன். ஜங்லிகாட் பகுதியின் நெரிசலுக்குள் புகுந்து போகப்போகும் அறுபதடிச் சாலையை வரைவது அவன் பொறுப்பு.

வரைபடத்தில் வீடு என்பது ஒரு சின்னச் சதுரம். சாலைக் கோட்டுக்குள் வரும் சதுரத்தைச் சிவப்பு மையால் அடித்துவிடுவான். முதல் நாலைந்து வீடுகளை அடித்தபோது கை கொஞ்சம் தயங்கியது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், மறுநாள் வந்து மிச்சத்தை அடித்தான்.

அன்று சாயா கொண்டுவந்து வைத்த பியூன் பன்னீர்செல்வம் போகாமல் நின்றான்.

“பாவம் சாப் அந்தம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க பொண்ணு வீட்டுக் கிணத்துல விழுந்து செத்துப்போச்சு. ஏழு வயசு. ஒரே குழந்தை. அந்த வீட்டை எப்படி சாப் விடுவாங்க?”

சாயா ஆறிப்போனது. மறுநாள் காலை குருநாதன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனான்.

பலகைச் சுவர், தகரக் கூரை. பின்பக்கம் கிணறு. கிணற்றுச் சுவரில் முதுகைச் சாய்த்தபடி மரகதத்தின் கணவன் தங்கையா உட்கார்ந்திருந்தான். நாடா காலை உரசிக்கொண்டு போயிற்று. அவன் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, யார் என்று கேட்கவும் இல்லை.

“வேலைக்குப் போகலையா?” என்று குருநாதன்தான் கேட்டான்.

“விட்டுட்டாரு சார், ரெண்டு வருஷமாச்சு,” என்றாள் மரகதம். நாடாவின் மறுநுனியை அவளே பிடித்துக்கொண்டாள். “ரோடு வந்தா எங்களுக்கு வேற இடம் குடுப்பாங்களா?”

“புரோத்ராபூர் பக்கம் குடுப்பாங்க.”

“அங்க கிணத்துத் தண்ணியா, குழாயா?”

“குழாய்தான்மா.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சாலைக் கோட்டைப் பன்னிரண்டடி கிழக்கே தள்ளினால் வீடு தப்பிவிடும் என்று அளவு சொன்னது. கிழக்கே யாரும் குடியில்லை, வெறும் சதுப்பு. குருநாதன் அன்றே கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரைந்தான்.

பெரிய இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்ததும் பென்சிலால் தட்டினார். “யே க்யோன் மோடா? நேரா போன ரோட்டை எதுக்கு வளைச்சே? ஒரு வீட்டுக்காகவா?”

பதினோரு வருட உத்தியோகத்தில் அவரிடம் ‘ஜி சாப்’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத குருநாதன் அன்று அரைமணி நேரம் பேசினான். சதுப்பை எப்படியும் தூர்க்கத்தான் வேண்டும் என்றான். சாலையை அதன்மேலேயே போட்டால் மழைத்தண்ணீர் வடியவும் வழி கிடைக்கும் என்றான். குரல் உயர்ந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

“உன் ப்ரமோஷன் காகிதம் என்கிட்டதான் இருக்கு. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சாப். அது நின்னாலும் பரவாயில்லை.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வரைபடம் டெல்லிக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து முத்திரையோடு திரும்பி வந்தது. ப்ரமோஷன் வேறொருவனுக்குப் போயிருந்தது. குருநாதனுக்கு அது உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை மரகதம் வந்ததும் அவன் எழுந்து நின்றான். இத்தனை மாதத்தில் முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உட்காருங்கம்மா. உங்க வீடு தப்பிச்சிடுச்சு. டெல்லியில கையெழுத்தே ஆயிடுச்சு. இனி இருபது வருஷத்துக்கு அந்த வீட்டை யாரும் தொட மாட்டாங்க.”

அவள் உட்காரவில்லை. தன் வீடு எது என்று கேட்டாள். அவன் காட்டிய சதுரத்தின் மேல் விரலை வைத்தாள். முகத்தில் எதுவும் அசையவில்லை.

“இனிமே மாத்தவே முடியாதா சார்?”

“முடியவே முடியாது. பயப்படாதீங்கம்மா.”

விரலை எடுக்காமலே அவள் சொன்னாள்:

“சர்க்கார் வந்து இடிச்சாத்தான் சார், அவரு அந்தக் கிணத்தடிய விட்டு எந்திரிப்பாரு.”