அவசரக்காரத் தூள்

குளியலறைத் தண்ணீர் வெளியே போகிற பிளாஸ்டிக் குழாய் ஒருநாள் அடைத்துக்கொண்டது. அலமாரியிலிருந்து அடைப்பு நீக்கும் தூள் பாக்கெட்டோடு குதித்து வந்தது.

"தள்ளு தம்பி, நான் இறங்குறேன். தண்ணி பட்டாலே கொதிப்பேன். எதிர்ல இருக்கிறதையெல்லாம் கரைச்சிடுவேன்!"

"எதிர்ல நானும்தானே அண்ணே இருக்கேன்?" என்றது குழாய்.

"அதெல்லாம் பார்த்து எனக்குப் பழக்கமில்லை."

கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த வளைந்த கம்பி, பேச்சை வளர்க்காமல் குழாய்க்குள் நுழைந்தது. துழாவியது, சிக்கியது, முனகியது. கடைசியில் எலிக்குட்டி மாதிரி ஒரு தலைமுடிச் சுருளை இழுத்து வந்தது. தண்ணீர் கடகடவென்று ஓடியது.

தூளுக்கு ஒரே சிரிப்பு. "இத்துனூண்டு சுருளுக்கு இவ்வளவு நேரமா? நானா இருந்தா எல்லாத்தையும் எப்பவோ கரைச்சிருப்பேன்!"

"ஆமாண்ணே," என்றது குழாய், சந்தோஷமாகக் கொப்பளித்துக்கொண்டே. "என்னையும் சேர்த்து."