பிரதம விருந்தினரின் கதிரை

பட்டப்பகலில், வவுனியாச் சந்தை வீதியால், பிரதம விருந்தினருக்கென்று வைத்திருந்த சிவப்பு வெல்வெட் கதிரையைத் தலையில் சுமந்துகொண்டு போனார் வீரகத்தி. ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் அதை இறக்கி, சாய்ந்து உட்கார்ந்து, ஆறுதலாக வெற்றிலை போட்டார்.

இப்படியொரு கள்ளனை ராஜரத்தினம் மாஸ்டர் தன் அறுபத்தாறு வயதில் கண்டதில்லை. ஐம்பதாவது சுதந்திர தின விழாக் குழுவின் தலைவர் அவர். விழாவுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது.

"எனக்கு விளங்கீட்டுது," என்றார் செயலாளர் சுகந்தினியிடம். "முரசுமோட்டையில இருந்து இடம்பெயர்ந்து வந்து, ஒண்டரை வருசமா முகாமில கிடக்கிறான். பாஸ் இல்லாமல் வவுனியாவைத் தாண்டேலாது. கொழும்பில மகளுக்குக் கலியாணம் எண்டு ஒன்பது தரம் கேட்டும் குடுக்கேல்லை. அந்தக் கோவத்தில எங்கட விழாவைக் குழப்பப் பாக்கிறான்!"

"ஓம் மாஸ்டர். விழா நாலாம் திகதி கட்டாயம் நடக்குமோ, பின்போட மாட்டியளோ எண்டு என்னட்டயும் ரெண்டு தரம் கேட்டவர்."

மாஸ்டருக்கு வியர்த்தது. இது பேப்பரில் வந்தால் விழாவின் மானம் கப்பலேறிவிடும். மறுநாள் காலையிலேயே நீதிமன்றத்துக்கு ஓடினார்.

"குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டார் நீதவான்.

"குற்றவாளி ஐயா. நான்தான் எடுத்தனான்," என்றார் வீரகத்தி.

மாஸ்டர் எழுந்தார். "ஐயா, கதிரை திரும்பக் கிடைச்சிட்டுது. நாங்கள் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறம்."

"அதெப்பிடி வாங்குவியள்? களவு களவுதானே!" என்று பாய்ந்தார் வீரகத்தி.

மன்றமே சிரித்தது. நீதவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிறு தண்டம் ஒன்றை விதித்து, கட்டாவிட்டால் ஒரு மாதச் சிறை மறியல் என்றார். மாஸ்டர் தானே கட்டிவிடலாம் என்று சட்டைப்பைக்குள் கைவிட்டார். வீரகத்தி அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் மாஸ்டர், கும்பிட்டுக் கேக்கிறன். நான் மறியலுக்கே போறன்."

"விசரா! மறியலுக்குப் போனவனுக்கு இனி ஆர் பாஸ் குடுப்பான்? மகளின்ர கலியாணத்தை யோசிச்சுப் பார்!" மாஸ்டருக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

வீரகத்தி தெற்கே போகும் சிறைச்சாலை பஸ்ஸில் ஏறினார்.

நாலாம் திகதி விழா ஒரு குழப்பமும் இல்லாமல் நடந்தது. பிரதம விருந்தினர் அரசாங்கச் செய்தியை வாசித்தார்: "சுதந்திர தினத்தை முன்னிட்டு, வருடாவருடம் போல, தண்டம் கட்டாமல் சிறையிலிருக்கும் சிறு குற்றவாளிகள் இன்று பொதுமன்னிப்பில் விடுதலை செய்யப்படுகிறார்கள்."

மாஸ்டர் பலமாகக் கை தட்டினார். "பாவம், பின்னேரம் முகாமுக்கு வந்திடுவான் பிள்ளை," என்றார் சுகந்தினியிடம்.

அந்த நேரம், பாஸ் இல்லாமலே அரசாங்கம் தன் செலவில், பொலிஸ் காவலோடு கொழும்புச் சிறைவரை கொண்டுபோய்ச் சேர்த்திருந்த வீரகத்தியை, சிறை வாசலில் மகள் சிவரூபி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள்; கலியாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.